பத்தாவது படகு

பென்னலூர் அருள்மேரியின் வீட்டு ஷோகேஸில் ஒன்பது மரப்படகுகள் இருந்தன. எல்லாம் அவள் புருஷன் ஆபிரகாம் கையால் செய்தவை. தெற்கே கடலோரத்தில் வள்ளம் ஓட்டிக்கொண்டிருந்தவன், ஒரகடத்தில் மரப்பெட்டி அடிக்கும் பட்டறைக்கு வந்து இருபத்துநாலு வருஷம் ஆகிறது. கம்பெனிச் சாமான் கப்பலேற அடிக்கும் பெட்டிகள். மிஞ்சிய பைன் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து செதுக்குவான். பாய்மரம், துடுப்பு, நங்கூரம், ஒன்றும் குறையாது. பார்க்கிறவர்கள் எல்லாம் அருள்மேரியைக் கொடுத்துவைத்தவள் என்பார்கள்.

அவள் வாங்கிக்கொண்டது யாருக்குத் தெரியும்? ஆபிரகாம் அடித்தால் மறுநாள் வாய் திறக்கமாட்டான். மூன்றாம் நாள் உளியை எடுப்பான். அவளுக்கு வீக்கம் வடிவதற்குள் படகு முடிந்து, பக்கவாட்டில் சிவப்புப் பெயிண்டில் 'அருள்மேரி' என்று பேரும் ஏறிவிடும். படகுக்குப் பெண்டாட்டி பேர் வைப்பது அவன் ஊரில் பெரிய மரியாதையாம். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று முதலில் சொன்னவன் ஒருநாளும் அடி வாங்கியிருக்க மாட்டான்.

ஆனால் மகள் ஜோவிதாவிடம் அவள் வேறு கதைதான் சொன்னாள். இது நீ கோயில்ல மொதமொதல்ல புதுநன்மை வாங்கினப்போ செஞ்சது, இது மாதா தேர் அன்னிக்கு, பாசம் இல்லாமயா அப்பா இப்படி உக்காந்து செதுக்குவாரு, என்று. பிள்ளை அப்பனை வெறுத்துவிடக் கூடாதே என்று பயம்.

ஜோவிதாவுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். மாப்பிள்ளை ஜெபர்சனுக்கும் மாமனார் பட்டறையிலேயே வேலை, குன்றத்தூரில் குடித்தனம். போன ஞாயிறு பூசை முடிந்து அவள் மட்டும் வந்தாள். கொளுத்தும் வெயிலில் முழுக்கை சுடிதார். முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா, இன்னா கொண்டாந்தேன் பாரேன். அவரும் செஞ்சு குடுத்தாரும்மா!"

சின்னப் படகு. பக்கவாட்டில் 'ஜோவிதா'.

அருள்மேரி படகைக் கையில் வாங்கவில்லை. மகளின் கையைப் பிடித்து இழுத்து சுடிதார்க் கையைச் சுருட்டினாள். முழங்கைக்கு மேல் நாலு விரலும் கறுத்துப் பதிந்திருந்தன. அதற்கு மேலே பெல்ட் பக்கிள் கிழித்த காயம் இன்னும் ஆறவில்லை.

"கோவத்துல அடிச்சிட்டாரும்மா. பாசம் இல்லாமயா படகு செய்வாங்க, நீதானே சொல்லுவ? சாயங்காலம் கூட்டிக்கினு போக வராரு."

கட்டிலில் இருந்த ஆபிரகாம் சிரித்தான். "மாப்ளைக்கு நாந்தான் சொல்லிக்குடுத்தேன். எப்படி வந்திருக்கு பாருட்டி!"

அருள்மேரி கட்டிலுக்கடியிலிருந்து அவன் சுத்தியலை எடுத்தாள். முதல் அடியில் ஷோகேஸ் கண்ணாடி நொறுங்கியது.

"இது உன் புதுநன்மைக்கு இல்லடி. குழம்புல உப்பு கூடிப்போச்சுன்னு என் தோளை ஒடச்சதுக்கு."

பாய்மரம் தெறித்துச் சுவரில் மோதியது.

"இது என் ரெண்டு பல்லு."

"இது உனக்குப் பின்னாடி உண்டானது. மூணு மாசம். காலால மிதிச்சாரு உங்கப்பா."

ஆபிரகாம் பாய்ந்து அவள் கொண்டையைப் பிடித்து நெற்றியைச் சுவரில் மோதினான். ரத்தம் கண்ணில் வழிந்தது. மறுபடி மோத, சுவரில் வலது கையை ஊன்றினான். அந்தக் கையின் மேல் சுத்தியலை இறக்கினாள். விரல் முறிகிற சத்தம் ஜோவிதாவுக்கே கேட்டது. அவன் தரையில் உட்கார்ந்து கத்தினான். அவள் நிறுத்தவில்லை. ஒன்பதையும் முடித்துவிட்டு, மகள் கொண்டுவந்ததையும் தரையில் வைத்து உடைத்தாள். ஜோவிதா தேம்பித் தேம்பி அழுதாள்.

"போறதுன்னா போ. இனிமே உனக்குக் கதை சொல்லமாட்டேன்."

ஐந்து மணிக்கு, ஆபிரகாம் கைக்குக் கட்டுப்போட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது, வாசலில் பைக் நின்றது. கதவைத் திறந்தது ஜோவிதா. ஜெபர்சன் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். உடைந்த துண்டுகளுக்கு நடுவில் தன் படகும் கிடப்பது தெரிந்தது.

"போனா போவுது ஜோவி, அழாத," என்றான் சிரித்துக்கொண்டே. "வேற ஒண்ணு செஞ்சு தரேன்."

ஜோவிதா காலியாகக் கிடந்த ஷோகேஸைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவன் முகத்திலேயே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.