சேஸன் மாஸ்டர்

மாஸ்டர் முதலில் பிரேக்கை மிதிப்பார். காரணம் பிறகுதான் வரும். அதற்குள் நம் நெற்றி ஸ்டியரிங்கை விசாரித்துவிட்டுத் திரும்பியிருக்கும். "சார், அது காலா, கட்டையா? முன்னாடி நாய் படுத்திருக்கு, உங்களுக்குத் தெரியல. நாய்க்கு உங்களத் தெரியுது, அது பயந்து கண்ண மூடிக்கிச்சு!" நாற்பது வயதுக்கு மேல் கார் ஓட்டக் கற்க வந்த பாவத்துக்கு இதையெல்லாம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

பயிற்சிக் காரில் மாஸ்டரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஆபத்துக்கென்று வைத்தது. அவர் அதைப் பிரம்பாக்கிக்கொண்டார். கண்ணாடியைப் பார்க்க மறந்தால் ஒரு மிதி. பார்த்துக்கொண்டே இருந்தால் இன்னொரு மிதி. பின்சீட்டில் முறைக்காகக் காத்திருப்பவர்கள் உண்டியல் காசாகக் குலுங்குவோம்.

மிதித்து முடித்ததும் "சேஸன்!" என்பார். அவருக்குப் பிடித்த ஆங்கில வார்த்தை, chasten. புதிதாகச் சேர்பவருக்கு முதல் பாடம் கியர் அல்ல, இந்த வார்த்தையின் பூர்வீகம்தான். "கண்டிச்சுத் திருத்தி ஆளோட கொழுப்ப அடக்குறாங்க பாருங்க, அதான் சேஸன். மூலம் லத்தீன். காஸ்டுஸ்னா சுத்தம். ஆகெரேன்னா ஓட்டுறது. ரெண்டும் சேந்து பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்துச்சு. கண்டிச்சா ஆள் சுத்தமாவான்னு அர்த்தம். எங்க தொழிலுக்குன்னே வெச்ச வார்த்தை சார்!" லத்தீன்காரன் காலத்தில் கிளட்ச் இருந்ததா என்று கேட்டேன். அன்றைக்கு எனக்கு மிதி கொஞ்சம் தாராளம்.

எங்களோடு மாஸ்டரின் மனைவியும் கற்றுவந்தார். நர்ஸ். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலை ஒன்று கிடைத்திருந்தது. ஓட்டுநர் உரிமம் காட்டினால்தான் சேரலாம். இரண்டு முறை தேர்வில் தோற்றாயிற்று. மூன்றாவதும் போனால் வேலையும் போய்விடும். அந்த அம்மாள் ஸ்டியரிங்கைப் பிடித்தால் தப்பு நடக்கட்டும் என்றுகூட இவர் காத்திருக்க மாட்டார்.

"நான் இன்னும் ஒண்ணுமே பண்ணலையே!"

"பண்ணப்போற. எனக்குத் தெரியாதா?"

அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று எங்கள் பக்கம் திரும்பி ஒரு பழமொழி வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓடவிட்டால்தானே அய்யா, அவர் தப்பாகவாவது ஓட்ட முடியும்!

போன மாதம் அந்த அம்மாள் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டார். "ரோஷம் வந்திடுச்சு. அழுக்கு வெளியேறுது, நல்லதுதான்" என்றார் மாஸ்டர்.

தேர்வு நாளன்று அந்த அம்மாள் மைதானத்தில் வந்து இறங்கியது பக்கத்துத் தெரு டிரைவிங் ஸ்கூல் காரில். கதவில் கொட்டை எழுத்தில் எதிரியின் பெயர். மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. நான் வயிறு குலுங்கச் சிரித்தேன்.

அந்த அம்மாள் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் ஓட்டி, மேட்டில் நிறுத்திக் கிளப்பி, ரிவர்ஸில் வந்து நிறுத்தினார். பாஸ். நான்தான் தோற்றேன், வழக்கம்போல் யாராவது மிதிப்பார்கள் என்று காத்திருந்தேன், கம்பம்தான் நிறுத்தியது.

அந்த அம்மாள் நேராக எங்கள் காருக்கு வந்தார். "சாவியக் குடுங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா அதையும் மிதிச்சிருப்பீங்க. அந்த ஸ்கூல்ல சொல்லிக்குடுக்குற அக்கா என்னைத் தப்பு பண்ண விட்டாங்க. நானே திருத்திக்கிட்டேன். ஏறுங்க, திங்கக்கிழமை வேலைல சேரணும், எடுத்துவைக்க ஆயிரம் இருக்கு."

மாஸ்டர் சாவியைக் கொடுத்துவிட்டு, தம் வழக்கமான இருக்கையில் ஏறினார். நான் பின்னால் உட்கார்ந்தேன். வண்டி மைதானத்தைத் தாண்டிப் பெரிய சாலைக்கு வந்தது. முனையில் ஒரு லாரி திரும்பிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் அதைப் பார்த்தாரா என்று தெரியவில்லை, என் காலே இல்லாத பிரேக்கைத் தேடியது.

மாஸ்டர் அவசரமாகச் செருப்பை உதறினார். இரண்டு கால்களையும் தூக்கி இருக்கையின் மேல் மடக்கி, சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.