பைக் ஏறாத நடைபாதை

நடப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரை ஆட்டோ பிடிக்காமல் போய்வருகிறவள் நான். குண்டும் குழியும், கொட்டிக் கிடக்கும் ஜல்லியும் என்னை ஒன்றும் செய்யாது. என் தங்கையின் கதை வேறு. ஒரு விபத்துக்குப் பிறகு அவளுக்குச் சக்கர நாற்காலிதான். அன்றிலிருந்து அவள் தனியாக வாசலைத் தாண்டாமலே இருந்தாள்.

போன வருடம் என் மகள் வேலை பார்க்கும் ஜெர்மன் ஊருக்கு இருவரும் போயிருந்தோம். முதல் நாள் காலை நடக்கக் கிளம்பினோம். நல்ல அகலமான நடைபாதை, ஈ காக்கை இல்லை. நான் பாட்டுக்கு ரோட்டில் இறங்கி நடந்துகொண்டிருந்தேன். பழக்க தோஷம்! ஒரு கார் நின்றது. வழி தவறிவிட்டீர்களா என்று அதை ஓட்டியவர் அக்கறையாகக் கேட்டார். நடைபாதையில் உருண்டு வந்த தங்கை வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"அக்கா, மேல ஏறு. மானம் போகுது!"

இரண்டொரு நாளில் என்னைக் கழற்றிவிட்டாள். தனியாகப் போய் ரொட்டி வாங்கினாள், டிராம் ஏறினாள், ஒருநாள் தொப்பலாக நனைந்து வந்து என்னிடம் திட்டு வாங்கினாள். அவளை அப்படித் திட்ட முடிந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

ஊர் திரும்பியதும் அறிவித்தாள். "காபிப் பொடி நானே போய் வாங்கிட்டு வரேன். நீ கூட வரக் கூடாது."

இன்று முடியாமல் திரும்பினால் இனி கிளம்பவே மாட்டாள் என்று எனக்கு உள்ளூர உதறல். கொஞ்சம் தள்ளிப் பின்னாலேயே போனேன்.

கடைத்தெருவில் புது நடைபாதை. ஏறுவதற்குச் சரிவுகூட வைத்திருந்தார்கள். அந்தச் சரிவின் வாயிலேயே வரிசையாக இரும்புத் தூண்கள். பைக் ஏறிவிடக் கூடாதாம். பைக்குகள் வேறு பக்கமாக ஏறி ஜம்மென்று நின்றன. நாற்காலிதான் நுழையவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தூணை நட்டவர்கள் பைக் ஓட்டுகிறவனை நினைத்தார்கள், கடைக்காரரை நினைத்தார்கள். என் தங்கை மாதிரி ஒருத்தி வெளியே வருவாள் என்று நினைக்கவே இல்லை.

அவள் நாற்காலியை ரோட்டில் திருப்பினாள். பின்னால் ஓர் ஆட்டோ அலறி நின்றது.

"இன்னாம்மா இது? ரோட்டு நடுவுல போய்க்கினு கீற! ஓரமா போம்மா!"

"ஓரத்துல எனக்கு வழி வைக்கலண்ணா. நீங்களே பாருங்க."

ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். தூண்களைப் பார்த்து அச்சில் வராத ஒரு வார்த்தை சொன்னார். "சரி, நான் தள்ளட்டா?"

"வேணாம், நானே போயிடுவேன். நீங்க பின்னாடி வாங்க, அது போதும்."

அவர் வந்தார். அவருக்குப் பின்னால் வேன், தண்ணி லாரி, மாநகரப் பேருந்து. ஹாரன் காதைப் பிளந்தது. காபிக் கடை வரைக்கும் அந்தத் தெருவே என் தங்கையின் வேகத்தில் நகர்ந்தது. அவள் அவசரப்படவே இல்லை.