வக்கி விற்பவர்

“வக்கி, வக்கி! சூடான வக்கி!”

ஊட்டி மார்க்கெட்டில் நௌமான் இப்படிக் கூவும்போது சுற்றுலா வந்தவர்கள் நின்று திரும்பிப் பார்ப்பார்கள். கண்ணாடிப் பெட்டியில் இருப்பது அடுக்கடுக்காய் மொறுமொறுக்கும் ஊட்டி வர்க்கிதான். பிஸ்கட்டை ‘பிக்கிச்சு’ என்பார். ரொட்டி அவர் வாயில் ‘லொட்டி’. தகரக் கூரையில் குரங்கு குதித்தால், “குங்கு வந்துருச்சு, தட்டை மூடுங்க” என்று பக்கத்துக் கடைக்குக் குரல் கொடுப்பார். நரைக்கத் தொடங்கிய தாடி, முழங்கை வரை மைதா.

“ஏனுங்க பாய், பல்லெல்லாம் கொட்டிப் போச்சுங்களா?” என்று ஆட்டோ ரவிக்குமார் சீண்டுவார்.

“லெண்டு பல்லு இருக்குதுங்க. உங்களைக் கடிக்க அது போதும்.”

அந்தச் சொற்கள் அவருடைய மகள் நாஜ்னீனுடையவை. மூன்று வயது. கடையையே வாயால் நடத்தியவள். போன ஆடி மழையில் காய்ச்சலும் வலிப்பும் வந்து கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். திரும்பி வந்தபோது அவளிடம் ஒரு சொல்கூட மிச்சமில்லை. காது கேட்கிறது. பேச்சு வரலாம், வராமலும் போகலாம் என்றுவிட்டார்கள்.

“கொழந்தைகிட்டத் திருத்தமாப் பேசணும்னுதானுங்க டாக்டரம்மா சொன்னாங்க?” என்பார் மனைவி பர்சானா, அழாத குறையாக.

“திருத்தமாப் பேச ஊரே இருக்குது புள்ள. அவ பேசுனதை நானும் உட்டுட்டா, அது எங்க போயி நிக்கும்?”

டாக்டரின் இன்னொரு சொல்லை மட்டும் அவர் மீறுவதில்லை. பிள்ளை கை நீட்டியதும் எதையும் கொடுத்துவிடக் கூடாது. ஒரு சத்தமாவது வர வேண்டும்.

நௌமான் இடது கையால் யாருக்கும் எதையும் கொடுக்க மாட்டார். வலது கையில் மாவு இருந்தால் கழுவித் துடைத்த பிறகுதான் பொட்டலம் நீட்டுவார். எதிரே ஸ்வெட்டர் கடையில் உட்காரும் எனக்கு வாய் திறந்து கேட்கக் கூச்சம். போய் நின்றாலே போதும், என் கால் கிலோ வந்துவிடும்.

நேற்று சாயங்காலமும் போய் நின்றேன். நாஜ்னீன் மாவு டின் மேல் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் நௌமானின் வலது உள்ளங்கை, அதில் ஒரு வர்க்கி.

“என்ன வேணும் தங்கம்? வக்கியா? ‘வ’ன்னு மட்டும் சொல்லு, அத்தாவுக்கு அது போதும்.”

அவர் மகளின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வர்க்கியைப் பார்த்தாள். எச்சில் விழுங்கினாள். உதடு லேசாகப் பிரிந்தது. பிறகு தன் சின்னக் கையால் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, வர்க்கியின் மேல் மூடிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூடிய கைக்குள் அது நொறுங்குவது எனக்குக் கேட்டது.

நௌமான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் பொட்டலத்தை இடது கையால் எடுத்து நீட்டினார். வலது கை மூடியே இருந்தது.