இடப்பக்கமும் வலப்பக்கமும்

கோப்புகளை இடம் மாற்ற நான் இன்னமும் திரையை நடுவால் பிரித்துக் காட்டும் பழைய பாணி மென்பொருளைத்தான் திறக்கிறேன். இடப்பக்கம் ஒரு பட்டியல், வலப்பக்கம் ஒரு பட்டியல். மவுஸ் வேண்டாம். எஃப் ஐந்தை அழுத்தினால் இங்கே இருப்பது அங்கேயும் போய்விடும். அலுவலகத்துப் பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், எனக்கு இது சுகம்.

யுத்த காலத்தில் செங்கலடிச் சந்திக்குப் பக்கத்தில் ஒரு தட்டச்சுக் கடையில் வேலை செய்தேன். அங்கே இரண்டு கணினிகள் இருந்தன. பழையதில் இந்த இரட்டைப் பட்டியல் நீல நிறத்தில் ஓடும். அச்சுப்பொறியும் அதோடுதான் இணைத்துப் பூட்டியிருந்தது. புதியதை முதலாளி கொழும்பிலிருந்து, ஆமிக்காரர் சோதிக்கும் சென்றிக்குச் சென்றி இறக்கி ஏற்றிக் கொண்டுவந்தவர். அதன் மவுஸை வேறு யாரும் தொடக்கூடாது. தூசி பிடித்து அதன் உருண்டை இறுகும், திரையில் அம்பு துள்ளும். ஆனாலும் அவருக்கு அதுதான் செல்லம். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

வந்தாறுமூலைப் பல்கலைக்கழக மாணவி ஒருத்தி தன் இறுதியாண்டு ஆய்வை எங்களிடம் தட்டச்சுக்குக் கொடுத்திருந்தாள். வாகரைப் பக்கத்துப் பெண், படிப்புக்காக இங்கே அறை எடுத்துத் தங்கியிருந்தாள். வயல்வெளிகளில் வட்டை வட்டையாக நடந்து, விவசாயிகளிடம் கேட்டுக் கேட்டு எழுதியது. நாலு மணிக்கு முன் ஒப்படைக்காவிட்டால் ஒரு வருடம் போய்விடும் என்ற நாளில் வந்து நின்றாள். கரண்ட் இல்லை. ஜெனரேட்டரில் இருந்த மண்ணெண்ணெய் ஒரு மணித்தியாலத்துக்குத்தான் காணும்.

ஆய்வு புதிய கணினியில் இருந்தது. டிஸ்க்கில் ஏற்றிப் பழையதற்குக் கொண்டுபோனால்தான் அச்சடிக்கலாம். முதலாளி தானே செய்வதாக உட்கார்ந்தார். ஆய்வு இருந்த கோப்புறையை மவுஸால் பிடித்து இழுத்தார். பாதி வழியில் அம்பு துள்ளியது. கோப்புறையைக் காணோம். டிஸ்க்கைப் பார்த்தோம், வெறுமையாக இருந்தது.

"எங்க போச்சு?" என்று அவரே திரையைக் கேட்டார். மாணவி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எழுதின தாளெல்லாம் மழையில ஊறிப்போச்சு. இதில மட்டுந்தான் கிடக்கு."

எனக்குக் கோபம் வந்தது. "எழும்புங்க முதலாளி" என்றேன். அதற்கு முன்னும் பின்னும் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் எழும்பிவிட்டார்.

பழைய கணினியின் நீலப் பட்டியலைப் புதியதிலும் முன்பே ஏற்றி வைத்திருந்தேன், அவருக்குத் தெரியாமல்தான். அதைத் திறந்து கோப்பின் பெயரின் முதல் எழுத்துகளைக் கொடுத்துத் தேடவிட்டேன். கல்யாண அழைப்பிதழ்கள் வைக்கும் கோப்புறைக்குள் பத்திரமாகக் கிடந்தது. இழுக்கும்போது கைதவறி அதற்குள் விழுந்திருக்கிறது. இடப்பக்கம் ஆய்வு, வலப்பக்கம் டிஸ்க். எஃப் ஐந்து.

"கொஞ்சம் பொறுங்க அக்கா, மூடாதீங்க" என்றாள் அவள். திரைக்குக் கிட்டே வந்து, இரண்டு பக்கத்திலும் தன் ஆய்வின் பெயர் இருப்பதை விரலால் தொட்டுப் பார்த்தாள். "இஞ்சயும் கிடக்கு, அங்கயும் போயிற்று. ரெண்டையும் ஒண்டாக் காட்டுது என்ன?"

அதுவரைக்கும் வேகத்துக்காகத்தான் இதைப் பிடிக்கிறது என்று நினைத்திருந்தேன். புறப்பட்டது போய்ச் சேர்ந்ததா என்று கண்ணால் காண்பதில் இத்தனை நிம்மதி இருப்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

கடைசித் தாள் வெளியே வந்து கொஞ்ச நேரத்தில் ஜெனரேட்டர் நின்றது. முதலாளி தாள்களை நூல் கோத்துக் கட்டிக் கொடுத்தார். மாணவி தாள்கட்டைத் தன் சைக்கிள் கூடையில் வைத்துவிட்டு, டிஸ்க்கை என் கையில் திணித்தாள்.

"மெசினிலயும் இருக்குத்தானே, தங்கச்சி" என்றேன்.

"ஓம் அக்கா. வழியில ரெண்டு சென்றி இருக்கு. எனக்கு ஏதும் நடந்தா, மறுகா நீங்க இதைக் கொண்டுபோய்க் குடுங்க. என்ர பேர் அதில போட்டிருக்கு."

சாதாரணமாகச் சொன்னாள். அவள் புறப்பட்ட மூன்றே கால் மணியிலிருந்து நான் ஒரு வரிகூடத் தட்டச்சு செய்யவில்லை. நாலரைக்கு வாசலில் சைக்கிள் மணி கேட்டது. "குடுத்திட்டன் அக்கா" என்று உள்ளே வந்தவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். அவள்தான் சிரித்துக்கொண்டு என் முதுகைத் தடவினாள்.