ஒரே பெயரில் இரண்டு பொட்டிகள்

கோவளத்துக் கடல்காற்று கம்ப்யூட்டரைத் தின்றுவிடும். ஜலாலுதீன் பாயின் அச்சுக்கடைக்கு அங்கே ஒரு கிளை இருந்தது. மூன்று வருஷத்தில் நாலு சிபியு போயாயிற்று. மூடியைக் கழற்றினால் உள்ளே பச்சை பூத்துக் கிடக்கும். விசிறியின் இறக்கைகளில் உப்பு மாவாகப் படிந்திருக்கும். கிளையையே மூடிவிடலாம் என்று பாய் யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் திருநாவுக்கரசு வாயைத் திறந்தான்.

"மெஷின கடலுக்கு எட்டாத தூரத்துல வெச்சிடுவோம் பாய். கோவளத்துக்கு அதோட படம் மட்டும் போவட்டும்."

செங்கல்பட்டில் இருக்கும் தலைமைக் கடையின் கம்ப்யூட்டர்களை எல்லாம் பார்த்துக்கொள்பவன் அவன். திருக்கழுக்குன்றத்துக்கு அப்பால், பஸ் வந்து திரும்பிப்போகும் கடைசி ஊர் அவனுடையது. குடும்பத்தின் முதல் பட்டதாரி. பி.சி.ஏ. சான்றிதழை வீட்டில் கண்ணாடிச் சட்டம் போட்டு, சாமி படங்களின் வரிசையிலேயே மாட்டிவைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் அதற்கும் பொட்டு உண்டு. வாடிக்கையாளர் வந்தால் பாயும் "இவரு நம்ம கடை பட்டதாரி" என்றுதான் சொல்வார். அதைக் கேட்கும்போதெல்லாம் திருநாவுக்கரசின் முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும்.

அவன் சொன்னபடியே செய்தான். செங்கல்பட்டுக் கடையின் பின்னறையில் ஏ.சி. போட்டு, கிளைகளின் வேலையையும் தானே செய்யும் ஒரு பெரிய கம்ப்யூட்டரை, டெர்மினல் சர்வரை, வைத்தான். அழைப்புப் பத்திரிகை வடிவமைக்கும் மென்பொருள் அதில் மட்டும்தான். கோவளத்து மேஜையில் உள்ளங்கை அகலத்தில், சர்வரின் படத்தை மட்டும் வாங்கிக் காட்டும் ஒரு தின் கிளையன்ட். விசிறி இல்லை, டிஸ்க் இல்லை, கடல் தின்ன உள்ளே ஒன்றுமே இல்லை. கடையில் அதற்குப் பெயர் பொட்டி. சர்வரிலிருந்து அந்த மென்பொருளை மட்டும் பொட்டியில் தெரியும்படி பப்ளிஷ் செய்தான். திரையில் ஒரே ஒரு ஐகான். தட்டினால், தட்டிய எழுத்து செங்கல்பட்டுக்குப் போய், படமாகக் கோவளம் திரும்பும், கண் இமைப்பதற்குள்.

"அப்ப எழுத்து எங்கதான்டா கீது? அங்கியா, இங்கியா?" என்று அப்பா ஒருநாள் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

பாடத்தில் படித்த பதில் இருந்தது. சொன்னான். ஆனால் கேள்வி அவனைவிட்டுப் போகவில்லை. மத்தியானங்களில் சர்வர் அறையில் நின்றால் மெல்லிய இரைச்சல் காதோடு வரும். யாரோ கடற்கரையில் உட்கார்ந்து மணமகள் பெயரைத் தட்ட, இந்த இரும்புக்குள் அது முளைக்கிறது. ஜன்னலுக்கு வெளியே கொளவாய் ஏரி ஒரு அசைவும் இல்லாமல் வானத்தை வாங்கி வைத்திருக்கும். ஏரிக்குள் இருப்பது வானமா, வானத்தின் படமா என்று நினைத்தபடி, வந்த வேலையை மறந்து நிற்பான்.

கோவளத்தில் அந்தப் பெயர்களைத் தட்டுகிறவள் சுராயா. எட்டாவது வரை படிப்பு, பன்னிரண்டு வருஷக் கை. எழுதிக் கொடுத்த தாளிலிருந்து கண்ணை எடுக்கமாட்டாள். விரல் தன் பாட்டுக்கு ஓடும். திரையைப் பார்ப்பது கடைசியில் ஒரு தடவைதான். இரண்டு வாரம் எல்லாம் நன்றாக நடந்தது. பாய்க்குச் சந்தோஷம். மாமல்லபுரம் கிளையிலும் ஒரு பொட்டி வைக்கச் சொன்னார், வைத்தான். அங்கே வேலை பார்ப்பவள் ஞானம்மாள்.

அந்த வாரமே சுராயா போன் செய்தாள்.

"தம்பி, உன் பொட்டில பேய் பூந்துகிச்சு."

"இன்னாக்கா சொல்றீங்க?"

"நான் நிக்காஹ் பத்திரிக அடிச்சிகினு கீறேன். திடீர்னு படம் போச்சு. மறுபடி ஐகானத் தட்டிட்டு உட்ட எடத்துலேர்ந்து அடிச்சேன். ப்ரூஃப் எடுத்தா, மாப்பிள பேருக்கு மேல 'ஞானஸ்நானம் பெறும் எங்கள் செல்ல மகள்'னு நிக்குது. பார்ட்டி எதிர்லயே குந்திகினு கீறாரு."

பின்னாலிருந்து அந்தப் பார்ட்டியின் குரலும் கேட்டது. மாப்பிள்ளையின் தம்பி அஃப்தாப். "அக்கா, எங்க அண்ணன ஒரே வரில பொண்ணாவும் ஆக்கிட்டீங்க, சர்ச்சுக்கும் அனுப்பிட்டீங்க. எங்கம்மா பாத்துச்சுன்னா, கடையில நாற்காலி மிஞ்சாது!"

திருநாவுக்கரசுக்குச் சிரிப்பு வரவில்லை. "நீங்க ஏதாவது பட்டன அமுக்கியிருப்பீங்கக்கா. ஸ்கிரீனப் பாத்து அடிங்க" என்றான்.

மறுமுனையில் போன் வைக்கப்பட்டது.

பாயிடமும் அவன் அதையேதான் சொன்னான். அடுத்த வாரத்துக்குள் இன்னும் மூன்று முறை அப்படி நடந்தது. வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து வந்த பாய், "பொட்டி இருக்கட்டும்பா. சுராயாவ பைண்டிங்ல குந்த வெச்சிட்டு, ஸ்கிரீனப் பாத்து அடிக்கிற புள்ள ஒண்ணப் பாக்கலாம். நாளைக்கு நேர்ல போய் சொல்லிடறேன்" என்றார்.

மனசுக்குள் ஏதோ உறுத்த, அவன் போய் சர்வரின் முன் உட்கார்ந்தான். யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்ற பட்டியலைத் திறந்தான். இரண்டு வரி இருக்கவேண்டும். ஒரே வரிதான் இருந்தது. பெயர்: கடை. இடம்: கோவளம். பார்த்துக்கொண்டே இருந்தான். இடம் மாமல்லபுரம் ஆயிற்று. கொஞ்சம் கழித்து மறுபடி கோவளம். கட்டிப்போட்ட படகு அலைக்கு ஆடுவதுபோல அந்த ஒற்றை வரி இங்கும் அங்கும் ஆடியது.

அவர்கள் கடையில் எல்லாமே ஒரே பெயரில்தான். ஒரே ரப்பர் ஸ்டாம்ப், ஒரே மெயில் முகவரி, யார் போனை எடுத்தாலும் "பாய் கடை". லாகின் பெயர் கொடுக்கும்போதும் கை அதே வழக்கத்தில் இரண்டு பொட்டிக்கும் 'கடை' என்றே போட்டுவிட்டது. சோதித்துப் பார்த்தபோது அவன் தன் பெயரில் போனான், அதனால் தெரியவில்லை. ஒரு பெயருக்கு ஒரு இடம் என்பது அவனே வைத்த விதி. சர்வர் அதை அப்படியே நம்பியது. கடை என்று ஒரு ஆள் மாமல்லபுரத்தில் எழுந்து, இருபது கிலோமீட்டர் தாண்டிக் கோவளத்தில் உட்கார்ந்துகொள்கிறார் என்று நினைத்து, பாதி அடித்த பக்கத்தையும் அவரோடு கூடவே அனுப்பிவைத்தது.

ஐந்து நிமிஷத்தில் இரண்டு பெயராக்கினான். பட்டியலில் இரண்டு வரி வந்து அசையாமல் நின்றன. இனிமேல் கோளாறு வராது. யாருக்கும் தெரியவும் தெரியாது. சுராயா பைண்டிங்குக்குப் போவாள், அவன் பட்டதாரியாகவே இருப்பான்.

அன்றைக்கு வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை காலை பஸ் ஏறினான். திருக்கழுக்குன்றத்து மலை ஜன்னலில் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி நகர்ந்தது. மாமல்லபுரத்தில் மாறி ஏறியதும் சவுக்கு மரங்களுக்கு இடையிடையே கடல் விட்டுவிட்டு வந்தது, கனெக்‌ஷன் போய்ப்போய் வருவதுபோல. "சின்ன கான்ஃபிகரேஷன் பிரச்சினை" என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். அழகான வாக்கியம். அதில் யார் தப்பும் இல்லை.

அவன் போனபோது பாய் ஏற்கெனவே வந்திருந்தார். அஃப்தாப்பும் ப்ரூஃபுக்காகக் காத்திருந்தான். பாய் தொண்டையைச் செருமி, "சுராயா, பைண்டிங்ல ஒரு ஆள்..." என்று ஆரம்பித்தார்.

"பாய், அது வந்து... சின்ன கான்ஃபிகரேஷன் பிரச்சினை."

"அப்டின்னா?"

திருநாவுக்கரசு தரையைப் பார்த்தான். "தப்பு என்னுது பாய். ரெண்டு பொட்டிக்கும் ஒரே பேரு குடுத்துட்டேன். ஞானம்மாக்கா பக்கத்துமேல இவங்க அடிச்சாங்க, இவங்க பக்கத்துமேல அவங்க. சுராயாக்கா ஒரு பட்டனும் அமுக்கல. தெரியாமயே பழிய அவங்க மேல போட்டேன்."

பாய் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "படிச்சவன் சொல்றானேன்னு நானும் நம்பிகினேனேப்பா. ஒரு பொம்பளைய இத்தினி நாளா பேஜாரு பண்ணிகீறியே."

அந்த 'படிச்சவன்' சுருக்கென்று தைத்தது.

சுராயா அவனைத் திட்டவில்லை. "அப்ப ஞானம்மாவுக்கு யாரு சொல்றது? அதோட வேலைய நான்தான் அழிக்கிறேன்னு நெனச்சிகினு எங்கூடப் பேசறதே இல்ல. போடு போன."

போட்டான். விஷயம் கேட்டதும் ஞானம்மாள் போட்ட சத்தம் ஸ்பீக்கர் போடாமலேயே கடை முழுக்கக் கேட்டது. "அடப்பாவி! ரெண்டு வாரமா அந்தப் பொண்ணக் கரிச்சுக் கொட்டிகினு கீறேனேடா! நீ மாமல்லபுரம் பக்கம் வா, ஒனக்கு ஞானஸ்நானம் நான் குடுக்கறேன்!" முதலில் சிரித்தவர் பாய்தான்.

அவன் பொட்டியைத் தட்டி, லாகின் பக்கத்தைக் காட்டினான். "இனிமே உங்க பேருலயே போங்கக்கா."

சுராயா முதல்முறையாகத் திரையைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். வெள்ளைப் பக்கம் திறந்தது. தாளை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டாள். கண் தாளுக்குப் போயிற்று, விரல் ஓட ஆரம்பித்தது.

பாய் வாசலில் நின்று திரும்பினார். "பைண்டிங்குன்னு ஏதோ சொல்ல வந்தேனே, அத விட்டுடு சுராயா."

"சரி பாய்" என்றாள் அவள், தலையைத் தூக்காமல். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெளிச்சம் மறையுது."