மேசைமேல் ஓடிய விரல்கள்

என் தங்கை ஓடக் கூடாது என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை. நான்தான் சொன்னேன். அவளுக்கு அப்போது எட்டு வயது, எனக்குப் பதினான்கு. அந்தக் காலத்தை நினைத்தால் முதலில் எழுவது கார்பாலிக் சோப்பின் நெடிதான். கனகாவின் துணிகளை அம்மா அந்தச் சோப்பில் அலசி, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாத கொடியில் காயப்போடுவார்.

கனகா மலம் போகும் வழி மூடியபடியே பிறந்தவள். பிறந்த மறுநாளே ஈப்போ நகரத்துப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய் வயிற்றில் ஓட்டை போட்டார்கள். பிறகு வழி அமைத்து, அந்த ஓட்டையை மூடினார்கள். உயிர் தங்கியது. அடக்கும் சக்தி மட்டும் முழுதாக வரவில்லை. குதித்தால், ஓடினால் சில நாள் கசிந்துவிடும். அதற்காகப் பழைய கைலியைக் கிழித்து மடித்துக் கட்டிவிடுவார் அம்மா. அவளோ ஓடாமல் இருக்க முடியாதவள். மலேசியாவில் கோப்பெங் ஊருக்கு வெளியே இருந்த எங்கள் ரப்பர்த் தோட்டத்தில், விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் "பெரட்டுக்களம்" சாயங்காலத்தில் பிள்ளைகளின் திடலாகிவிடும். அங்கே என் வயதுப் பையன்களே அவளைப் பிடிக்க முடியாமல் இடுப்பில் கைவைத்து நின்றுவிடுவார்கள்.

ஒருநாள் பந்தயத்தின் நடுவில் துணி நழுவிவிட்டது.

"மாடு ஓடுதுலா! சாணி போடுது, மிதிச்சிறாதீங்க!" என்று கத்தினான் என் கூட்டாளி மணியம். களமே சிரித்தது. கனகா நிற்கவில்லை. எல்லைக் கல்லைத் தொட்ட பிறகுதான் திரும்பி, "அண்ணே, நான்தான் மொதல்ல!" என்றாள். அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவன், யாரோ போல நின்றேன். மறுநாளிலிருந்து எனக்கு "மாட்டண்ணே" என்று பெயர். பந்தை என் பக்கம் உதைக்கும்போதெல்லாம் மணியம் சொல்வான்: "மச்சான், ஒன் மாட்டக் கட்டிப்போடுலா."

தோட்டத்தில் அப்போது ஒரு பழக்கம் இருந்தது. ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பெற்றோருக்கு ஆங்கிலம் தெரியாது என்பதால், ஆஸ்பத்திரிக்குப் போகும்போது படித்த பிள்ளை ஒன்றைக் கூட்டிப்போவார்கள். டாக்டர் சொல்வதை அது தமிழில் சொல்லும். பக்கத்து லயத்தாருக்கும் நான் அப்படிப் போயிருக்கிறேன். "நம்ம தம்பி சொன்னா டாக்டரு சொன்ன மாதிரி" என்பார்கள். அந்தப் பெருமையோடுதான் அம்மா அந்த மாதம் எங்கள் இருவரையும் பஸ் ஏற்றினார்.

டாக்டர் இளவயதுச் சீனப் பெண். கனகாவின் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, நிதானமாக என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். இந்தப் பிள்ளை நன்றாக ஓடி ஆட வேண்டும். ஓட்டத்தால் குடல் நன்றாக அசையும், இடுப்புக்குப் பலம் வரும். விளையாடப் போகுமுன் கொஞ்ச நேரம் கழிவறையில் உட்கார வையுங்கள், மாற்றுத் துணி ஒன்று கையில் இருக்கட்டும், மற்றப் பிள்ளைகளோடு விடுங்கள். சொல்லிக்கொண்டே கனகாவைப் பார்த்துச் சிரித்து, தன் இரண்டு விரல்களை மேசைமேல் வேகமாக ஓடவிட்டுக் காட்டினார்.

அம்மா என் முகத்தைப் பார்த்தார். "என்னப்பா சொல்றாங்க?"

"ஓடவே கூடாதாம்மா. உள்ள தையல் பிரிஞ்சிருமாம்."

அம்மா டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். டாக்டர் அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்திருக்க வேண்டும். அம்மாவின் கையைத் தட்டிக்கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் கனகா மெல்லக் கேட்டாள்: "அண்ணே, ஓடக் கூடாதுன்னா, அவங்க ஏன் வெரல அப்படி ஓட்டுனாங்க?"

"அப்படி ஓடினா நீ செத்துப் போயிருவேன்னு காட்டுனாங்க" என்றேன்.

அவள் அதற்குப் பிறகு ஓடவில்லை. பள்ளி விளையாட்டுப் போட்டியில் மற்றவர்களின் சிலிப்பர்களுக்குக் காவலிருந்தாள். "மாட்டண்ணே" என்ற பெயரை ஒரு பள்ளி விடுமுறைக்குள் எல்லாரும் மறந்துவிட்டார்கள். அவள் கால்கள் மெலிந்தன. குடல் மந்தமாகி, நாள்கணக்கில் போகாமல், வயிறு கல்லாகிவிடும். எனிமா கொடுக்க அம்மா அவளைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகும்போது, அவள் அழுகை எங்கள் வீடு வரை கேட்கும். நான் சரித்திரப் புத்தகத்தை விரித்துவைத்து உட்கார்ந்திருப்பேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஆசிரியர் பயிற்சி முடித்து வந்த வாரம், அம்மாவையும் கனகாவையும் அடுப்படியில் உட்காரவைத்து உண்மையைச் சொன்னேன். அம்மா நம்பவில்லை. "அந்த டாக்டரம்மா என் கையத் தட்டிச் சொன்னாங்கடா. படிச்சிட்டு வந்து எம் மகளக் கொல்லப் பாக்குறியா?" என்று கரண்டியை ஓங்கினார். இத்தனை வருடம் அந்தச் சொல்லை வைத்துத்தான் மகளைக் காப்பாற்றியதாக எண்ணியவர். அது பொய் என்றால் தன் காவலும் கொடுமையாகிவிடும் என்பதை அவரால் தாங்க முடியவில்லை என்று பின்னால் புரிந்தது. கடைசிவரை அவர் என்னை நம்பவே இல்லை.

மறுநாள் காலை கனகா, நான் வாங்கிவந்த வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு என்னோடு பெரட்டுக்களத்துக்கு வந்தாள். பதினேழு வயதுப் பெண். சில எட்டுகள் ஓடியவள், வயிற்றை இரு கைகளாலும் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"வலிக்குதா?"

"இல்லண்ணே. நீ சொன்னது பொய்யின்னு எனக்குத் தெரியுது. கால்தான் நம்ப மாட்டேங்குது."

பிறகு பல டாக்டர்களிடம் கூட்டிப்போனேன், நடக்கப் பழக்கினேன். நடந்தாள். ஓட்டம் திரும்பவில்லை. என்னை ஒரு சொல் திட்டியதும் இல்லை, திட்டியிருக்கலாம்.

அம்மா போய்விட்டார். லயங்களை இடித்துவிட்டார்கள். பெரட்டுக்களம் இருந்த இடத்தில் இப்போது கடைவரிசையின் கார் நிறுத்துமிடம். எல்லைக் கல் எங்கே நின்றது என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. கனகா ஈப்போ பக்கம் ஜெலாப்பாங்கில் என் வீட்டில்தான் இருக்கிறாள். மாலையில் என் பேத்தியை வீட்டுக்கு எதிரே உள்ள திடலுக்கு அழைத்துப்போய், நாங்கள் இருவரும் சிமெண்டுப் பெஞ்சில் உட்காருவோம். குழந்தை ஓடத் தொடங்கியதும், பக்கத்தில் கனகாவின் இரண்டு விரல்கள் பெஞ்சின்மேல் ஓடும். விளிம்பு வந்ததும் நின்றுவிடும். நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.