சாடிக்கு ஒரு பெயர்ச்சீட்டு

என் மனைவி, திருமணத்திற்கு முன், ஆரணிக்கு வெளியே இருந்த ஒரு பீங்கான் கூடத்தில் பூச்சாடிகளுக்குச் சித்திரம் தீட்டினாள். கூலி வேலை. அங்கிருந்து அவள் கொண்டுவந்தது ஒரே ஒரு சாடி. முழ உயரம், மயில்கழுத்து நிறம், உடலில் நாணல், கழுத்தைச் சுற்றிப் பூவரச இலைகள். அடியில் மூன்று புள்ளிகள். அவை அவளது கையொப்பம் என்று வருபவர்களிடம் சொல்லிவந்தேன். அவள் மறுத்ததில்லை, ஆமோதித்ததும் இல்லை.

அவள் இறந்த மறுமாதம், ஊர்க் கைவேலைகளைக் காட்சிக்கு வைக்கவிருந்த நெசவாளர் மண்டபத்தார் அந்தச் சாடியைக் கேட்டார்கள். தீட்டியவர் பெயரை ஒரு சீட்டில் எழுதித் தரவும் சொன்னார்கள். அவள் பெயர் அதுவரை எங்கும் எழுதி வைக்கப்பட்டதில்லை. கவனமாக எழுதினேன்.

அன்று மாலை, கூடத்தில் அவளோடு வேலை பார்த்த பெண் துக்கம் விசாரிக்க வந்தார். சீட்டைப் படித்தார், சாடியைக் கவிழ்த்துப் பார்த்தார்.

“இது அக்கா இல்லீங்க சார். மூணு புள்ளின்னா நானு. அக்காவுக்கு ஒரு கொக்கி.”

“கையொப்பம்தானே?”

“கையெழுத்தா! பழுதுன்னா யார் தலையில கட்றதுன்னு மேஸ்திரி போடச் சொன்ன குறி சார் அது.” கழுத்தைக் காட்டினார். “இலை எத்தினி இருக்குது, எண்ணுங்க.”

பதினொன்று.

“மாதிரியில பத்துதான். நான் பேசிகினே தீட்டுனதுல ஒரு சொட்டு சாயம் வுழுந்துடுச்சு. சுட்ட மண்ணு குடிச்சிடும், துடைச்சாப் போவாது. அக்கா ஜல்தியா அது மேலயே ஒரு இலை போட்டு மறைச்சாங்க. மேஸ்திரி எண்ணிட்டாரு, ஒதுக்கிட்டாரு. வேலையை வுட்டு நின்னப்போ அக்கா இதைக் கேட்டு வாங்கிகினு போனாங்க.” என்னைப் பார்த்தார். “இத்தினி வருஷம் வூட்ல இருந்துது, அவ்ளோ படிச்ச நீங்க எண்ணலியா சார்?”

எண்ணியதில்லை.

சீட்டைக் கையில் எடுத்தேன். அவர் தடுத்தார். “அக்கா பேரே இருக்கட்டும் சார். யாரு கேக்கப் போறா?”

யாரும் கேட்கமாட்டார்கள் என்பது உண்மை. அந்தச் சீட்டைக் கீழே வைத்தேன். பிறகு வேறு சீட்டு எடுத்து, தீட்டியவர் என்ற இடத்தில் அவர் பெயரைத் தலைப்பெழுத்துடன் கேட்டு எழுதினேன். அதன் கீழே, ‘கழுத்தில் ஒரு இலை மட்டும்’ என்று எழுதி என் மனைவியின் பெயரைச் சேர்த்தேன்.

எந்த இலை என்று கேட்டேன். அவர் யோசிக்காமல் விரலை வைத்தார். மற்றவற்றைவிட அது சிறந்தது என்று சொல்ல இயலாது. இரண்டு இலைகளுக்கிடையே ஒடுங்கி, அவசரத்தில் போட்டதாகவே இருந்தது. மறுநாள், அந்தப் பக்கம் வெளியே தெரியும்படி வைக்கவேண்டும் என்று சொல்லி, சாடியை மண்டபத்தாரிடம் கொடுத்தேன்.